"நேவி இஸ் ரன்னிங்" என்று மெயில் வந்தால் என்ன அர்த்தம்? ரன் என்ற சொல்லைப் பற்றி

நூல்கண்டு, திருப்பூர்

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லால் ஆபீசில் பெரிய சிக்கல் ஆகிவிட்டது. அதைச் சொல்லி, உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நான் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். காங்கேயம் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். பையருக்கு, அதாவது எங்களிடம் ஆர்டர் கொடுத்து வாங்குகிறவர்களுக்கு, மெயில் எழுதுவதுதான் பாதி நாள் வேலை. இப்போது போய்க்கொண்டிருப்பது குழந்தைகள் டீ-ஷர்ட். உடம்பு நேவி ப்ளூ, கழுத்து ரிப் வெள்ளை. செவ்வாய்க்கிழமை மாலை, கிளம்பும் நேரத்தில் ஒரு மெயில் வந்தது. "நேவி இஸ் ரன்னிங். ப்ளீஸ் அட்வைஸ்." அவ்வளவுதான்.

எங்கள் ஃப்ளோரில் காலையில் உள்ளே போனதும் கேட்கிற முதல் கேள்வியே "இன்னைக்கு என்ன கலர் ஓடுது?" என்பதுதான். "நேவி ஓடுதுங்க" என்றால் லைனில் நேவி தைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதே நினைப்பில் நானும் "எஸ், நேவி இஸ் ரன்னிங். வைட் வில் ஸ்டார்ட் ஆன் மண்டே" என்று பதில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் ஃபோன் வந்தது. அவர்கள் சாம்பிளைத் துவைத்துப் பார்த்திருக்கிறார்கள். நேவி சாயம் இறங்கி வெள்ளைக் கழுத்தெல்லாம் நீலமாகிவிட்டது. அதைத்தான் "ரன்னிங்" என்று எழுதியிருக்கிறார்கள். என் பதிலை அவர்கள் எப்படிப் படித்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். "ஆமாம், நேவி சாயம் போகிறது. திங்கட்கிழமையிலிருந்து வெள்ளையும் போக ஆரம்பிக்கும்." மெயிலின் தலைப்பில் "வாஷ் டெஸ்ட்" என்று இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. லைனை நிறுத்த வேண்டியதாகிவிட்டது.

ரன் என்றால் ஓடு என்று மூன்றாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். சாயம் எப்படி ஓடும்? இந்த ஒரு சொல்லுக்கு இன்னும் எத்தனை அர்த்தம் ஒளிந்திருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பல்லடம் தறி

அம்மிணி, மனசை விட்டுடாதீங்க. நீங்கள் தப்பாகப் படிக்கவில்லை, நம்ம ஊர் வழக்கில் படித்திருக்கிறீர்கள். நான் முப்பது வருஷமாகத் தறி ஓட்டுகிறேன். எங்களுக்கு எல்லாமே ஓட்டம்தான். தறி ஓடுது, பாவு ஓட்டறோம், கடை ஓடுது, தியேட்டரில் படம் ஓடுது, எப்படி இருக்கீங்க என்று கேட்டால் "பொழப்பு ஓடுதுங்" என்போம். இதையெல்லாம் ஆங்கிலத்திலும் ரன் என்றே சொல்லலாம் என்று என் மகள் சொல்கிறாள். லூம் ரன்ஸ், ஷாப் ரன்ஸ், ஃபிலிம் ரன்ஸ்.

ஆனால் சாயத்தை மட்டும் நாம் ஓட விடுவதில்லை. "சாயம் போகுது" என்போம், "கலர் இறங்குது" என்போம். நீங்கள் வழுக்கியது அந்த ஒரு இடத்தில்தான்.

சாய லேப், பெருந்துறை

நான் டையிங் லேபில் வேலை செய்கிறேன். "ரன்னிங்" என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் டெக்னிக்கல் ஆட்கள் இல்லை, வாங்கி விற்கும் பக்கம் இருப்பவர்கள். டெக்னிக்கல் ஆட்கள் "ப்ளீடிங்" என்று எழுதுவார்கள். துவைக்கும்போது துணியிலிருந்து சாயம் கழன்று தண்ணீரில் கலப்பதும், பக்கத்துத் துணியில் ஏறுவதும்தான் இரண்டுக்கும் பொருள்.

ஏன் ஆகிறது என்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், பையர் அடுத்துக் கேட்பது அதுதான். பருத்திக்கு நாம் போடுவது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம். உப்பு, சாயத்தை நாருக்குத் தள்ளும். சோடா போட்ட பிறகு சாயம் நாரோடு வேதிப் பிணைப்பாகவே சேர்ந்துகொள்ளும். ஆனால் போட்ட சாயம் முழுவதும் நாரோடு சேராது. ஒரு பகுதி தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிவிடும். அந்தப் பகுதி துணி மேல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கொதிக்கக் கொதிக்க சோப்பிங் செய்து கழுவி எடுக்க வேண்டும். சோப்பிங்கில் நேரத்தையோ தண்ணீரையோ குறைத்தால், ஒட்டிக்கொண்டிருந்தது வாங்கியவர் வீட்டு வாஷிங் மெஷினில் இறங்கும். நேவி, கறுப்பு, அடர் சிவப்பு இந்த மூன்றுக்கும் சாயம் அதிகம் போட வேண்டும், ஆகவே மிச்சமும் அதிகம் நிற்கும்.

இதில் இன்னொரு சொல்லையும் கவனியுங்கள். சாயம் ஓடாமல் நின்றால் அதற்கு "ஃபாஸ்ட் கலர்" என்று பெயர். ஃபாஸ்ட் என்றால் வேகம் என்றுதானே படித்தோம்? அந்தச் சொல்லின் மூலப் பொருள் உறுதி, பிடித்து நிற்பது. வேகம் என்பது பின்னால் வந்து சேர்ந்த பொருள். பள்ளியில் "ரன் ஃபாஸ்ட்" என்று சேர்த்தே படித்த இரண்டு சொல், சாயத்துக்கு வந்ததும் எதிரும் புதிருமாக நிற்கிறது. ஃபாஸ்ட் என்றால் ரன் ஆகாது, ரன் ஆனால் ஃபாஸ்ட் இல்லை.

பதில் மெயிலில் "வாஷ் ஃபாஸ்ட்னஸ்" டெஸ்ட் எடுக்கிறோம் என்று எழுதுங்கள். ஐ.எஸ்.ஓ. 105 சி06 என்ற முறையில் பல நார் சேர்ந்த ஒரு பட்டையை சாம்பிளோடு தைத்துத் துவைத்து, பட்டையில் எவ்வளவு சாயம் ஏறியிருக்கிறது என்று கிரே ஸ்கேல் என்ற சாம்பல் நிற அளவு அட்டையை வைத்துப் பார்ப்போம். 5 என்றால் துளியும் ஏறவில்லை, 1 என்றால் மோசம். உங்கள் சாம்பிளில் வெள்ளை ரிப்பே அந்தப் பட்டையின் வேலையைச் செய்துவிட்டது.

கோபி வாத்தியார்

ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நூல்கண்டு கேட்ட "எத்தனை அர்த்தம்" என்பதற்கு முதலில் பதில். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் மிக நீளமான பதிவு செட் என்ற சொல்லுக்கு இருந்தது. அப்புறம் மூன்றாம் பதிப்புக்காக ரன் என்ற சொல்லைத் திருத்தி எழுதினார்கள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் அதற்காக ஒன்பது மாதம் உட்கார்ந்தார். வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள் வந்தது. அந்த மொழியில் பிறந்தவர்களுக்கும் அத்தனையும் தெரியாது, ஆகவே யாரும் மலைக்க வேண்டாம்.

சாயம் ஏன் ஓடுகிறது என்பதற்கு வருகிறேன். நாம் பள்ளியில் ரன் என்றால் ஒரு பையன் ஓடுகிற படத்தைப் போட்டுச் சொல்லிக்கொடுத்தோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அந்தப் படத்துக்குப் பதிலாகத் தண்ணீரை மனதில் வைத்துக்கொண்டிருந்தால் இந்தக் குழப்பம் பாதி குறைந்திருக்கும். ஜெர்மன் மொழியில் இதே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு சொல் இன்றும் தனித்தனியாக இருக்கின்றன. ரின்னென் என்றால் நீர் கசிந்து வழிந்து ஓடுவது, ரென்னென் என்றால் காலால் ஓடுவது. ஆங்கிலத்தில் எல்லாம் ஒரே சொல்லுக்குள் வந்து சேர்ந்துவிட்டது. குழாய் ரன்ஸ், மூக்கு ரன்ஸ், மழையில் மை ரன்ஸ், துவைத்தால் சாயம் ரன்ஸ். இவை நான்கும் ஒரே பொருள்தான், நீராக வழிவது.

நமக்கும் இது புதிதில்லை. ஓடை என்ற சொல்லைப் பாருங்கள், உள்ளே ஓட்டம் இருக்கிறது. கொடிவேரியில் நின்றுகொண்டு "வாய்க்காலில் தண்ணி ஓடுதா?" என்று கேட்காதவர் யார்? ஆனால் தமிழில் வாய்க்காலே ஓடாது, அதில் உள்ள தண்ணீர்தான் ஓடும். ஆங்கிலத்தில் வாய்க்காலும் ஓடும். பவானிசாகரில் தொடங்கி ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்கள் வழியாக ஏறக்குறைய 200 கிலோமீட்டர் போகும் கீழ்பவானி வாய்க்காலை, மே மாதம் மதகை அடைத்துச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கிடக்கும்போதும், "தி கெனால் ரன்ஸ்" என்றே எழுத வேண்டும். நீண்டு கிடப்பதும் அவர்களுக்கு ஓட்டம். ரோடு ரன்ஸ், வேலி ரன்ஸ், சட்டையில் தையல் ரன்ஸ். இந்த இடத்தில் நாம் "போகுது" என்போம். நூல்கண்டு, உடையை எப்படித் தைக்க வேண்டும் என்று பையர் அனுப்பும் டெக் பேக்கில் இந்தப் பொருள் உங்களுக்கு அடிக்கடி வரும். தையல் தோளிலிருந்து கைமடிப்பு வரை "ரன்ஸ்" என்று இருந்தால் அங்கிருந்து அது வரை போக வேண்டும் என்று அர்த்தம்.

சங்ககிரி லாரி

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன், இதே சொல்தான்.

எங்களுக்கு நான்கு லாரி இருக்கிறது. ஊரில் எல்லோரும் "அவங்க நாலு லாரி ஓட்டறாங்க" என்றே சொல்வார்கள். என் மகன் ஒரு வேலை இன்டர்வியூவுக்குப் போயிருந்தான். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டதற்கு "மை ஃபாதர் டிரைவ்ஸ் ஃபோர் லாரிஸ்" என்று சொல்லியிருக்கிறான். எதிரில் இருந்தவர் "நான்கையும் ஒரே ஆள் எப்படி ஓட்டுவார்?" என்று கேட்டு சிரித்திருக்கிறார். பையனுக்கு அதற்கு மேல் வாயே வரவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஓட்டு என்றால் டிரைவ் என்று படித்தவன் வேறு என்ன சொல்லுவான்? அந்த இடத்தில் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று ஐயா சொன்னால் அவனுக்குக் காட்டுவேன்.

கோபி வாத்தியார்

"மை ஃபாதர் ரன்ஸ் ஃபோர் லாரிஸ்" என்றால் சரியாக இருந்திருக்கும். ஸ்டியரிங்கைப் பிடிப்பவர் டிரைவ்ஸ். வண்டியை வாங்கி, டீசல் போட்டு, எஃப்.சி. காட்டி, டிரைவருக்குச் சம்பளம் கொடுத்துத் தொழிலாக வைத்திருப்பவர் ரன்ஸ். தமிழில் இரண்டுக்கும் ஓட்டு என்பதே போதும், கேட்பவருக்கு இடம் பார்த்துப் புரிந்துவிடும். உங்கள் மகன் தப்பாகச் சொல்லவில்லை என்று சொல்லுங்கள், ஒரு சொல்லில் அடங்கியதை இரண்டாகப் பிரிக்கும் மொழிக்குள் போய்விட்டான், அவ்வளவுதான்.

இதையே திருப்பியும் பார்க்கலாம். ஓடு, ஓட்டு என்று நாம் இரண்டாகப் பிரிப்பதை அவர்கள் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். தறி ஓடுகிறது, நான் தறியை ஓட்டுகிறேன். இரண்டுக்கும் ரன். நம் மொழியில் ஆடு-ஆட்டு, ஏறு-ஏற்று, மாறு-மாற்று என்று இந்த ஜோடி வரிசையாக இருக்கிறது. பழைய ஆங்கிலத்திலும் தானாக ஓடுவதற்கு ஒரு வடிவம், ஓட வைப்பதற்கு ஒரு வடிவம் இருந்து, பின்னால் ஒன்றாகிவிட்டது. ஆகவே ஆங்கிலத்தில் படிக்கும்போது ரன் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு பொருள் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் ஓட்டு, இல்லாவிட்டால் ஓடு.

அவிநாசியிலிருந்து லீட்ஸ்

ஒரு திருத்தம் சேர்க்கலாமா ஐயா? இங்கே பிரிட்டனில் "ஐ ரன் எ கார்" என்றால் கார் வைத்திருக்கிறேன், அதற்கு ஆகிற செலவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று பொருள். காரைத் தொழிலாக விட வேண்டியதில்லை. வந்த புதிதில் ஒருவர் "ஐ கான்ட் அஃபோர்ட் டு ரன் எ கார்" என்று சொன்னார், எனக்கு ரொம்ப நேரம் புரியவில்லை. கார் வைத்துக் கட்டுப்படியாகவில்லை என்கிறார்.

நூல்கண்டு, உங்கள் வேலைக்கு அடிக்கடி வருவது இவைதான். "லெட் மீ ரன் திஸ் பை மை மேனேஜர்" என்றால் மேனேஜர் காதில் போட்டு ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன் என்று அர்த்தம். சம்மதித்துவிட்டார்கள் என்று நினைத்துத் துணி வெட்டிவிடாதீர்கள். "வீ ஆர் ரன்னிங் லேட்" என்றால் தாமதமாகிக்கொண்டிருக்கிறது, யாரும் எங்கும் ஓடவில்லை. "வீ ஹேவ் ரன் இன்டு எ ப்ராப்ளம்" என்றால் எதிர்பாராமல் ஒரு சிக்கல் வந்துவிட்டது. இதே ரன் இன்டு, நண்பரோடு வந்தால் தற்செயலாகப் பார்த்தேன், மரத்தோடு வந்தால் மோதினேன்.

ரன் அவுட் எல்லோருக்கும் தெரியும், கிரிக்கெட் சொல்லிக்கொடுத்துவிட்டது. ஆனால் "லேபிள்ஸ் ஹேவ் ரன் அவுட்" என்பதும் "வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் லேபிள்ஸ்" என்பதும் ஒன்றுதான், லேபிள் தீர்ந்துவிட்டது. இரண்டாவதில் ஆஃப் விட்டுப்போகக் கூடாது.

அப்புறம், நிட்டிங் ஊர்க்காரர்களுக்கு ஒன்று. அமெரிக்கர்கள் ஸ்டாக்கிங்கில் ஒரு கண்ணி அறுந்து கோடாகப் பிரிந்துகொண்டே போவதை "எ ரன்" என்பார்கள். இங்கே அதற்கு "லேடர்". அமெரிக்கப் பையர் துணியில் ரன் இருக்கிறது என்று எழுதினால் அது சாயமாகவும் இருக்கலாம், கண்ணியாகவும் இருக்கலாம். ஃபோட்டோ கேளுங்கள்.

முத்தூர் தமிழ்

தமிழ் எம்.ஏ. படிக்கிறேன். ஒரு சந்தேகம், தப்பாக இருந்தால் திருத்துங்கள். எழுத்துத் தமிழில் கடையை, பள்ளியை, கம்பெனியை எல்லாம் "நடத்துகிறார்" என்றுதானே எழுதுவோம்? நட என்பதிலிருந்து வந்தது நடத்து. அப்படியென்றால் அவர்கள் ஓட்டுவதை நாம் நடக்க வைக்கிறோம். கூட்டம் நடக்கிறது, கல்யாணம் நடக்கிறது, பேச்சுவார்த்தை நடக்கிறது. எங்கள் ஊர்ப் பேச்சில் மட்டும், மெஷின் வைத்த தொழில் என்றால் உடனே ஓட்டு வந்துவிடுகிறது. அப்பா "ரைஸ் மில் ஓட்டறேன்" என்பார், "பள்ளிக்கூடம் ஓட்டறேன்" என்று யாரும் மரியாதையாகச் சொல்லிக் கேட்டதில்லை.

தேர்தலும் அப்படித்தான். நம்மூரில் ஒருவர் தேர்தலில் "நிற்கிறார்". அமெரிக்காவில் "ரன்" ஆகிறார்.

அவிநாசியிலிருந்து லீட்ஸ்

பிரிட்டனிலும் நிற்கத்தான் செய்கிறார்கள். "ஸ்டாண்ட் ஃபார் பார்லிமென்ட்" என்பதே இங்கே வழக்கம், ரன் என்பது அமெரிக்க வழக்கு. நீங்கள் நடத்து பற்றிச் சொன்னதை இதுவரை யோசித்ததே இல்லை. ரொம்ப நன்றி.

பல்லடம் தறி

தம்பி சொன்னது சரி. ஆனால் வாத்தியார் ஐயா சொன்ன தண்ணீர்ப் படத்தை என்னால் முழுக்க ஒத்துக்கொள்ள முடியவில்லை. கம்ப்யூட்டரில் புரோகிராம் ரன் ஆகிறது, மூன்று வருஷத்துக்குக் கான்ட்ராக்ட் ரன்ஸ், காய்ச்சல் வந்தால் ரன்னிங் எ டெம்பரேச்சர் என்கிறார்கள். இதிலெல்லாம் தண்ணீர் எங்கே இருக்கிறது? எனக்குத் தறிதான் பொருத்தமாகப் படுகிறது. சுவிட்சைப் போட்டுவிட்டால் நிறுத்துகிற வரை அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். புரோகிராமும் அப்படி, கான்ட்ராக்டும் அப்படி. காய்ச்சலும் இறங்குகிற வரை அது பாட்டுக்குத்தான் அடிக்கும். உங்கள் வாய்க்கால்கூட மதகைத் திறந்துவிட்டால் அப்படித்தான்.

கோபி வாத்தியார்

நீங்கள் சொல்வது என்னுடையதைவிட அகலமாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். தடை இல்லாமல் தொடர்ந்து போவது என்று வைத்துக்கொண்டால் தறி, தண்ணீர், கான்ட்ராக்ட், வேலி எல்லாமே உள்ளே வந்துவிடும். ஆனால் ஒன்று. மெயிலைத் திறந்த அரை நிமிடத்தில் இதெல்லாம் நினைவுக்கு வராது. நூல்கண்டு பார்க்க வேண்டியது, ஓடுவது எது என்பதை. நிறமும் மையும் ரன் ஆனால் பெரும்பாலும் கெட்ட சேதிதான். லைனும் மெஷினும் ஆர்டரும் ரன் ஆனால் நல்ல சேதி. உங்கள் மெயிலில் நேவி என்று ஒரு நிறத்தின் பெயர் மட்டும் இருந்தது, அது துணியையும் குறிக்கலாம், சாயத்தையும் குறிக்கலாம். அங்கே தலைப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

சாய லேப், பெருந்துறை

நாம் எழுதும்போதும் அதே கவனம் வேண்டும் என்பேன். தைத்துக்கொண்டிருக்கிறோம் என்றால் "நேவி இஸ் இன் ப்ரொடக்ஷன்" என்றோ "வீ ஆர் ஸ்டிச்சிங் நேவி" என்றோ எழுதிவிடுங்கள். ஃப்ளோரில் கலர் ஓடட்டும், மெயிலில் ஓட வேண்டாம். என் லேபில் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன்.

இன்னொரு சின்ன விஷயம், ரிப்போர்ட்டுகளில் தினமும் பார்க்கிறேன். "தி டெஸ்ட் ஹேஸ் ரேன்" என்று எழுதுகிறார்கள். ஹேஸ், ஹேவ், ஹேட் வந்தால் மறுபடியும் ரன் தான். "தி டை ரேன்" சரி, "தி டை ஹேஸ் ரன்" சரி.

நூல்கண்டு, திருப்பூர்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் எழுத முடியவில்லை, அலைச்சல். நடந்ததைச் சொல்கிறேன்.

சாய லேப் அண்ணா சொன்ன மாதிரியே வாஷ் ஃபாஸ்ட்னஸ் என்று எழுதி, முதலில் நான் தப்பாகப் புரிந்துகொண்டதையும் மறைக்காமல் எழுதினேன். எங்கள் ஊரில் ரன்னிங் என்றால் லைனில் தைப்பது என்று விளக்கினேன். பையர் பக்கம் இருந்த அம்மா கோபப்படவில்லை, இனி ப்ளீடிங் என்றே எழுதுகிறேன் என்றார். துணியை டையிங்குக்குத் திருப்பி அனுப்பி மறுபடி சோப்பிங் போட்டோம். தைத்து வைத்திருந்த பீஸ்களை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை, தனியாகக் கட்டி வைத்திருக்கிறோம். லேப் ரிப்போர்ட்டில் இந்த முறை 4-5 வந்தது.

இன்று காலை வந்த மெயிலில் இப்படி இருக்கிறது. "தி நேவி நோ லாங்கர் ரன்ஸ். ப்ளீஸ் ரன் தி பேலன்ஸ் குவான்டிடி." ப்ளீடிங் என்று எழுதுவதாகச் சொன்னவர் பழக்கத்தில் மறுபடியும் ரன் போட்டிருக்கிறார். முதல் ரன் பின்னால் ஒன்றும் இல்லை, சாயம் இறங்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். இரண்டாவது ரன் பின்னால் பேலன்ஸ் குவான்டிடி நிற்கிறது, ஆகவே மிச்சத்தை ஓட்டச் சொல்கிறார். ஃப்ளோருக்கு ஃபோன் செய்வதற்கு முன் கேட்டுக்கொள்கிறேன், சரிதானே வாத்தியார் ஐயா?

கோபி வாத்தியார்

சரிதான் கண்ணு. லைனை ஓட்டச் சொல்லு.